கும்மிடிப்பூண்டியில் ஒரு தேனடை: தேனீ வழி அறிவது எப்படி?

சென்னையிலிருந்து ஜி.என்.டி. சாலையில் வடக்கே வந்தால், கவரைப்பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகள் தெரியத் தொடங்கும். இரும்பு உருக்கும் ஆலைகள், ரசாயன ஆலைகள், இரவும் பகலும் ஓயாத லாரிகள். பூவுக்கும் தேனுக்கும் இங்கே என்ன வேலை என்றுதான் தோன்றும். ஆனால் இப்படிப்பட்ட ஊர்களில்தான் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கத்தையோ, உயரமான கட்டடத்தின் சன்ஷேடையோ, சாலையோர அரசமரத்தின் கிளையையோ அண்ணாந்து பார்க்க வேண்டும். கறுப்பாக, அரைவட்டமாக, பெரிய முறம்போல ஓர் அடை தொங்கும். அது மலைத்தேனீயின் அடை. மலை இல்லாத ஊரிலும் அதற்குப் பெயர் மலைத்தேனீதான்.

தேனீயின் பெயரிலேயே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் உண்டு. அந்-நஹ்ல், 16வது அத்தியாயம். அதன் 68, 69 வசனங்களை நம் பிள்ளைகள் மதரஸாவில் ஓதியிருப்பார்கள். தேனீ குடியிருக்க மூன்று இடங்கள் அங்கே சொல்லப்படுகின்றன: மலைகள், மரங்கள், மனிதர்கள் கட்டுபவை. சிப்காட்டின் தண்ணீர்த் தொட்டி மூன்றாவது வகையில் சேர்ந்துவிடுகிறது. அடுத்து, இறைவனின் பாதைகளில் செல்லுமாறு தேனீக்குக் கட்டளை வருகிறது. அங்கே 'துலுலன்' என்றொரு சொல். விரிவுரையாளர்கள் அதற்கு இரண்டு விதமாகப் பொருள் சொல்லியிருக்கிறார்கள். பாதைகள் தேனீக்கு எளிதாக்கப்பட்டுள்ளன என்பது ஒன்று. தேனீ பணிந்து நடக்கிறது என்பது மற்றொன்று. தேனின் மருத்துவக் குணம் பற்றி நம்மவர்கள் ஏராளமாக எழுதிவிட்டார்கள். பாதை என்ற சொல்லில் யாரும் அதிக நேரம் நிற்பதில்லை. நாம் இன்று அதில் மட்டும் நிற்போம்.

(இந்த வசனங்களில் தேனீயை நோக்கி வரும் ஏவல் சொற்கள் பெண்பாலில் இருப்பதையும், உணவு தேடிப் பறக்கும் தேனீக்கள் அனைத்தும் பெண்களே என்பதையும் சேர்த்துப் பலர் பேசுவார்கள். கேட்க இனிமையான பொருத்தம்தான். ஆனால் 'நஹ்ல்' என்ற சொல்லை அரபியில் பெண்பாலாக வழங்குவதும் உண்டு. ஆகவே இலக்கணத்தை மட்டும் வைத்துப் பெரிய வாதம் கட்டத் தேவையில்லை. அந்த வசனங்களின் வியப்பு அதைவிட ஆழமான இடத்தில் இருக்கிறது.)

சூரியனும் நிழலும்

உணவு தேடிக் கிளம்பும் ஒரு தேனீ இரண்டு மூன்று கிலோமீட்டர்கூடப் போகும். பூவுக்குப் பூ வளைந்து நெளிந்து அலையும். ஆனால் வயிறு நிறைந்ததும் வந்த வழியே வளைந்து திரும்புவதில்லை. நேர்கோட்டில் அடைக்கு வந்து சேரும். அதன் மூளை எள்ளளவுதான். இது எப்படி நடக்கிறது?

முதல் கருவி சூரியன். சூரியன் தன் இடப்பக்கம் இருக்கிறதா, வலப்பக்கமா, எத்தனை கோணத்தில் என்பதைத் தேனீ கணக்கில் வைத்துக்கொள்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. சூரியன் ஓரிடத்தில் நிற்பதில்லை. காலை எட்டு மணிக்குச் சூரியனை வலப்பக்கம் வைத்துப் போன வழியில், மாலை நான்கு மணிக்கும் அதே போல வலப்பக்கம் வைத்துப் போனால் நேர் எதிர்த்திசையில் போய் நிற்க வேண்டியதுதான். ஆகவே திசை தெரிய வேண்டுமென்றால் நேரம் தெரிய வேண்டும்.

நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இதே திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டின் சின்னப் பள்ளிவாசலில் பழைய நிழல் கடிகாரம் ஒன்று உண்டு. தொழுகை நேரம் அறிய வைக்கப்பட்டது. நிழல் விழும் இடத்தைப் பார்த்து லுஹர் எப்போது, அஸர் எப்போது என்று அறிந்தார்கள். சூரியனின் இடத்திலிருந்து நேரத்தைக் கண்டுபிடிப்பது நிழல் கடிகாரத்தின் வேலை. தேனீ செய்வது அதன் மறுபக்கம்: உடலுக்குள் ஓடும் நேரத்திலிருந்து, சூரியன் இப்போது எந்தத் திசையில் நிற்கிறது என்று கணக்கிடுகிறது.

இதை அதற்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? 1994இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிரெட் டயரும் ஜெஃப்ரி டிக்கின்சனும் ஒரு சோதனை செய்தார்கள். வெளியுலகமே பார்த்திராத இளம் தேனீக்களைப் பிற்பகலின் கடைசி நேரத்தில் மட்டும் வெளியே பறக்கவிட்டார்கள். காலைச் சூரியனை அவை பார்த்ததே இல்லை. பிறகு முழுக்க மேகம் மூடிய ஒரு நாளில் காலையிலேயே வெளியே விட்டார்கள். அந்தத் தேனீக்கள் சூரியன் மாலையில் நின்ற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருப்பதாகக் கொண்டே நடந்துகொண்டன. காலையில் சூரியன் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் என்ற அறிவு அவற்றுக்குப் பிறவியிலேயே இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்த்து, தன் ஊரின் சூரியப் பாதைக்கு ஏற்ப அந்த அறிவைத் தேனீ திருத்திக்கொள்கிறது. தேனீக்கு அல்லாஹ் அறிவித்தான் என்று சொல்ல 68வது வசனத்தில் வரும் 'அவ்ஹா' என்ற வினை, வஹீ என்ற சொல்லின் வேரிலிருந்து வருவது. நபிமார்களுக்கு வரும் வஹீயும் இதுவும் ஒன்றல்ல; இங்கே அது இயல்பில் பதித்து வைத்த அறிவிப்பு என்றே விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள்.

நம் பகுதிக்கென்று ஒரு கூடுதல் சிக்கலும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி வடக்கு அட்சரேகை 13.4 பாகையில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் நடுவில் ஒரு முறை, நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரல் 26 வாக்கில் பகல் 12 மணி 7 நிமிடம் சுமாருக்கு மொட்டைமாடியில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். பிள்ளைகளை அழைத்துக் காட்டலாம். மக்காவில் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வரும் மே 27, 28 தேதிகளில் கிப்லாவைச் சரிபார்ப்பதும் இந்த வானியல் கணக்கை வைத்துத்தான்.

உச்சிச் சூரியனுக்குத் திசை கிடையாது. அப்போது தேனீ என்ன செய்யும்? இந்தக் கேள்வியோடு 1950களில் நம் பக்கத்து இலங்கைக்கு வந்தவர் ஜெர்மனியின் மார்ட்டின் லிண்டாவர். சூரியன் உச்சியை ஒட்டி நிற்கும் அந்தச் சிறு நேரத்தில் தேனீக்களின் திசைக் குறிப்பு குழம்புவதை அவர் பதிவு செய்தார். இன்னொன்றும் உண்டு. ஜனவரியில் நம் ஊரில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். கிழக்கிலிருந்து தெற்கு வழியாக மேற்கே போகும். மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை வடக்கே சாய்ந்திருக்கும். வடக்கு வழியாக மேற்கே போகும். ஐரோப்பாவின் தேனீக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் தேனீ ஆண்டுக்கு இரண்டு முறை பாடத்தை மாற்றி எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மேகம் மறைத்தால்? நீல வானத்தின் ஒரு துண்டு தெரிந்தால் போதும். சூரிய ஒளி காற்று மண்டலத்தில் சிதறும்போது அதன் அதிர்வு ஒரு குறிப்பிட்ட தளத்தில் ஒழுங்குபடும். நம் கண்ணுக்கு அது தெரியாது. தேனீயின் கூட்டுக்கண்ணின் மேல் விளிம்பு அதைப் படிக்கும். மறைந்திருக்கும் சூரியன் எங்கே இருக்கிறது என்பது அதிலிருந்து தேனீக்குத் தெரிந்துவிடும்.

தூரத்தை அளந்தவர் ஒரு இந்தியர்

திசை தெரிந்தால் போதாது, தூரமும் வேண்டும். செலவழிந்த சக்தியை வைத்தே தேனீ தூரத்தை அறிகிறது என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் மாண்டயம் சீனிவாசன். பெங்களூரில் படித்து, பிறகு ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்தவர். 2006இல் அந்நாட்டுப் பிரதமரின் அறிவியல் விருதைப் பெற்றவர். ஆறு மீட்டர் சுமார் நீளமுள்ள குறுகலான சுரங்கம்போன்ற பாதையை அமைத்து, சுவரில் நெருக்கமான கோலங்களை ஒட்டி, அதன் வழியாகத் தேனீக்களைப் பறக்கவிட்டார்கள். வெளியே வந்த தேனீக்கள் ஏறக்குறைய இருநூறு மீட்டர் பறந்துவிட்டதாகத் தம் கூட்டத்துக்குத் தெரிவித்தன. காரணம் எளிது. ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் அருகிலுள்ள கம்பங்கள் விருட்டென்று ஓடும். தூரத்து மரம் மெல்ல நகரும். கண்ணுக்கு முன் காட்சி எவ்வளவு ஓடியது என்பதைத்தான் தேனீ தூரமாகக் கணக்கு வைக்கிறது. குறுகிய பாதையில் சுவர் பக்கத்திலேயே இருந்ததால் காட்சி வேகமாக ஓடியது, கணக்கு ஏமாந்தது.

ஆட்டம் என்னும் பேச்சு

"தெரிவித்தன" என்று சொன்னோம். எப்படி? ஆஸ்திரியாவில் பிறந்த கார்ல் வான் ஃபிரிஷ் இதைக் கண்டுபிடித்தார். 1973இல் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார். நல்ல பூக்காட்டைக் கண்டு வந்த தேனீ, அடையின் மீது வயிற்றை ஆட்டிக்கொண்டே ஒரு நேர்கோட்டில் ஓடும். பிறகு வளைந்து திரும்பி வந்து, மறுபடி அதே கோட்டில் ஓடும். அந்தக் கோடு செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, சூரியனின் திசையிலிருந்து அவ்வளவு கோணத்தில் பூ இருக்கிறது. ஆட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவு தூரம். பெட்டியில் வளர்க்கும் ஐரோப்பிய இனத்தில் ஒரு நொடி ஆட்டம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும்.

நம் ஊரை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். சிப்காட் தொட்டியில் ஒரு மலைத்தேனீ அடை. ஆரம்பாக்கம் பக்கம், அதாவது நேர் வடக்கே, வேப்பமரங்கள் பூத்திருக்கின்றன. அஸருக்குப் பின், சூரியன் மேற்கே இருக்கும்போது, வடக்கு சூரியனுக்கு வலப்பக்கம். ஆகவே தேனீ அடையின் மேல் வலப்பக்கமாகக் குறுக்கே ஓடிக் காட்டும். மறுநாள் சூரியன் உதித்த சற்று நேரத்தில், அதே மரத்துக்கு இடப்பக்கமாக ஓடிக் காட்டும். மரம் நகரவில்லை, சூரியன் நகர்ந்தது. இரவு முழுக்க அந்தக் கணக்கு தேனீக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

புதர்க் கிளைகளில் சின்ன அடை வைக்கும் கொம்புத்தேனீயின் முறை இன்னும் நேரடியானது. அதன் அடையின் உச்சி மேடைபோல் இருக்கும். அதன் மேல் நின்று, பூ இருக்கும் திசையை நேராகவே உடலால் சுட்டி ஆடும். புதிதாக வந்த விருந்தாளிக்கு நாம் கையை நீட்டிக் கிப்லாவைக் காட்டுகிறோமே, அதுபோல.

ஒவ்வொரு இனத்துக்கும் வட்டார வழக்கு மாதிரி ஒன்று உண்டு. பெங்களூரு ஆய்வாளர்களும் ஜெர்மன் ஆய்வாளர்களும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தூரத்துக்கு அடுக்குத் தேனீ நீளமாகவும் மலைத்தேனீ சுருக்கமாகவும் ஆடுவது தெரியவந்தது. அடுக்குத் தேனீ கிட்டத்தில் மேய்வது. நுணுக்கமாகச் சொல்ல வேண்டும். மலைத்தேனீ தொலைவுக்குப் போவது. நொடிக் கணக்கில் சிக்கனம் வேண்டும்.

இதெல்லாம் முழுக்கப் பிறவி அறிவு என்றும் முடித்துவிட முடியாது. 2023இல் சீனாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. மூத்த தேனீக்களின் ஆட்டத்தைப் பின்தொடர வாய்ப்பே கிடைக்காத இளம் தேனீக்கள் பிழையாக ஆடின. திசைப் பிழை நாளடைவில் குறைந்தது. தூரப் பிழை ஆயுள் முழுவதும் நின்றுவிட்டது. பெரியவர்களின் பின்னால் நடந்து கற்க வேண்டிய பங்கும் இதில் இருக்கிறது.

சாலை, கால்வாய், நிலா

கூட்டை விட்டு முதன்முறை வெளியே வரும் தேனீ உடனே பூவைத் தேடி ஓடாது. கூட்டின் பக்கம் முகத்தைத் திருப்பி, முன்னும் பின்னுமாக வளைந்து பறந்து, சுற்றுப்புறத்தை மனத்தில் பதித்துக்கொள்ளும். நாளுக்கு நாள் வட்டத்தைப் பெரிதாக்கும். அதனால்தான் தேனீப்பெட்டி வைத்திருப்பவர்கள் பெட்டியைப் பத்தடி தள்ளி வைக்கவே தயங்குவார்கள். திரும்பி வரும் தேனீக்கள் பழைய இடத்திலேயே வட்டமடித்துக்கொண்டிருக்கும்.

நேராக நீளும் அடையாளங்கள் தேனீக்குப் பெரிய உதவி. சாலை, வேலி, மரவரிசை, வாய்க்கால் ஆகியவற்றை ஒட்டியே அவை பறப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் மாவட்டத்தில் இதற்குக் குறையில்லை. ஜி.என்.டி. சாலை, அதன் பக்கத்தில் ஓடும் ரயில் பாதை, ஆரணியாறு, ஊத்துக்கோட்டை வழியாகப் பூண்டிக்குக் கிருஷ்ணா நீர் கொண்டுவரும் கால்வாய். ஆனால் தேர்வாய் கண்டிகையில் நடந்ததுபோல, மேய்ச்சல் காடாக இருந்த இடம் தொழிற்பூங்காவாக மாறும்போது, தேனீயின் மனப்படத்தில் இருந்த அடையாளங்களும் பூக்களும் ஒன்றாக அழிகின்றன. அந்த ஊர் மக்கள் அதை எதிர்த்துப் போராடியது நம் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் உணவு தேடும். மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் காட்டில் ஹேமா சோமநாதனும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை ஆராய்ந்தார்கள். அங்கே நிலா இல்லாத இரவிலும் பறக்கும் ஒரு தச்சுத்தேனீ இருந்தது. அதன் அறிவியல் பெயரில் இருப்பது நம் தரங்கம்பாடி!

மணம் என்னும் கடைசிப் பாதை

சூரியனும் தூரக் கணக்கும் தேனீயைப் பூக்காட்டின் பக்கத்தில் கொண்டுவந்து விடும். அதற்குப் பிறகு எந்தச் செடி, எந்தப் பூ என்று சேர்ப்பது மணம்தான். ஆடிய தேனீயின் உடம்பில் ஒட்டியிருக்கும் பூமணத்தை மற்றவை முகர்ந்துவிட்டுத்தான் கிளம்பும்.

புகை கெடுப்பது இந்தக் கடைசிப் பாதையைத்தான். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல், கடுகு இனப் பயிர் ஒன்றின் பூமணத்தில் உள்ள எட்டு வேதிப்பொருள்களை டீசல் புகையோடு கலந்து பார்த்தார்கள். அவற்றில் இரண்டு ஒரே நிமிடத்துக்குள் கண்டறிய முடியாத அளவுக்குச் சிதைந்துபோயின. அந்த இரண்டும் இல்லாத மணத்தைப் பழக்கப்பட்ட தேனீக்கள் பலவற்றால் அடையாளம் காண முடியவில்லை. பூ இருக்கிறது, தேன் இருக்கிறது; முகவரி மட்டும் காற்றில் அழிந்துவிட்டது.

இது குளிர்நாட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. நம் மலைத்தேனீயை வைத்தே பெங்களூருவில் கீதா திம்மேகௌடா, ஷானன் ஓல்சன் குழுவினர் 1,800க்கும் மேற்பட்ட தேனீக்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். காற்று மாசு மிகுந்த இடங்களில் தேனீக்கள் பூவுக்கு வருவதே குறைந்திருந்தது. மாசுபட்ட இடங்களில் பிடித்த தேனீக்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஒரே நாளில் இறந்தன. வெளித்தோற்றத்தில் நன்றாக இருந்த தேனீக்களின் இதயத் துடிப்புகூடச் சீராக இல்லை. உடம்பின் மேல் உலோகங்கள் கலந்த நுண்துகள்கள் படிந்திருந்தன. பெங்களூருவின் போக்குவரத்துப் புகைக்கே இந்த நிலை என்றால், லாரிப் புகையும் ஆலைப் புகையும் சேரும் இடத்தில் வாழும் தேனீயைப் பற்றி நாம் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. அதே காற்றைத்தான் நம் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள்.

தேனீ அழிந்தால் மனிதனுக்கு நான்கே ஆண்டுகள்தான் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை அனுப்பாதீர்கள். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. உண்மையே போதுமான அளவுக்குக் கனமாக இருக்கிறது.

பள்ளிவாசல் மினாராவில் அடை வைத்தால்

மலைத்தேனீ அடை தெரிந்தவுடன் இரவில் பந்தம் கட்டிக் கொளுத்துவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. தேனீயைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் உள்ளது. எறும்பு, ஹுத்ஹுத் பறவை ஆகியவற்றோடு தேனீயும் அதில் வருகிறது. எறும்புப் புற்றைத் தோழர்கள் எரித்திருந்ததைக் கண்டபோது, நெருப்பால் தண்டிப்பது நெருப்பின் இறைவனுக்கு மட்டுமே உரியது என்ற கருத்தில் அவர்கள் கண்டித்த செய்தியும் அபூதாவூதில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பந்தத்தைக் கையில் எடுக்குமுன் யோசிக்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூட வாசல், மக்தப் போன்ற இடங்களில் உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் உங்கள் ஊர் ஆலிமிடமும் தீயணைப்பு நிலையத்திலும் கேட்டு, தெரிந்தவர்களை வைத்து அகற்றுங்கள்.

மலைத்தேனீ ஆபத்தில்லாதது என்று நாம் சொல்லவில்லை. தொந்தரவு செய்தால் கூட்டமாகத் துரத்தும். ஒரு தேனீ கொட்டினாலோ நசுங்கினாலோ வாழைப்பழம் போன்ற ஒரு வாசனை கிளம்பும். மற்றவற்றுக்கு அதுதான் அபாயச் சங்கு. ஆகவே அடைக்குக் கீழே குப்பை எரிக்கக் கூடாது, கல் எறியக் கூடாது, பட்டாசு வெடிக்கக் கூடாது. பக்கத்தில் ஃபோகஸ் விளக்கு இருந்தால் இரவில் அணைத்துவிடுங்கள். வெளிச்சத்துக்கு மயங்கி அவை கீழே வந்து அலையும். ரமலானில் மினாராவுக்கு சீரியல் பல்பு கட்டும் கமிட்டியினர் இதைக் கவனிக்க வேண்டும்.

பூக்கும் காலம் முடிந்தால் மலைத்தேனீ தானாகவே அடையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடும். மாதக்கணக்கில் வெளியே இருந்துவிட்டு, அதே கூட்டம் அதே இடத்துக்குத் திரும்புவதை வடகிழக்கு இந்தியாவில் மரபணுச் சோதனை மூலம் உறுதி செய்து 2000இல் வெளியிட்டார்கள். வேலைக்காரத் தேனீயின் ஆயுளோ சில வாரங்கள். போனவை வேறு, வந்தவை வேறு. இடம் மட்டும் அதேதான். பழைய முகவரி புதிய தலைமுறைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதற்கு இன்றுவரை விஞ்ஞானிகளிடம் விடை இல்லை. கூட்டம் கிளம்பிப் போன பிறகு தொங்கும் அடை வெறும் மெழுகுதான். மினாராவுக்கு வெள்ளையடிக்கும்போது அதை ஒரு கம்பால் தட்டி எடுத்துவிடலாம்.